இழவு சொல்லும் வாய்: சிலப்பதிகாரத்தில் இறப்புச் செய்தி உரைப்போர் நிலை

ஆய்வுச் சுருக்கம்

கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகியை அடையும் இடம் சிலப்பதிகார ஆய்வுகளில் பெரும்பாலும் கண்ணகியின் சீற்றத்திற்கும் வழக்குரைத்தலுக்கும் வாயிலாகவே அணுகப்பட்டு வருகிறது. அச்செய்தியைச் சொன்னவர் யார், எவ்வாறு சொன்னார், சொன்னபின் சொன்னவர்க்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. துன்ப மாலை, வழக்குரை காதை, நீர்ப்படைக் காதை, வாழ்த்துக் காதை ஆகிய பகுதிகளை முதன்மையாகக் கொண்டு, இறப்புச் செய்தியை உரைத்தல் இக்காப்பியத்தில் அறப்பொறுப்புடைய செயலாக அமைந்துள்ளது என்பதனை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சொல்லக் கடமைப்பட்ட அரசு வாய்மூடியிருக்க, கடமை ஏதுமற்ற எளியோர் அச்சுமையைத் தாங்குகின்றனர் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், இறப்புச் செய்தி, கண்ணகி, மாடலன், தேவந்தி, மங்கலம், இழவு சொல்லுதல்.

முன்னுரை

ஒருவர் திடீரென இறந்துபடும்போது அவர்தம் உறவினர்க்கு அதனைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு எவரேனும் ஒருவர்மீது விழுகிறது. கேட்பவரின் வாழ்க்கை அச்சொல்லுக்கு முன், அச்சொல்லுக்குப் பின் என இரண்டாகப் பிளவுபடும். அப்பிளவைத் தன் வாயால் நிகழ்த்துபவர் சொல்பவரே. ஆதலின் தமிழ்ச் சமூகத்தில் இழவு சொல்வதற்கென்று சில நடைமுறைகள் உருவாகியுள்ளன. வெளியூரில் இருப்பவரிடம், ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா’ என்று மட்டும் சொல்லி, வீட்டு வாசலை அடையும்வரை உண்மையை மறைத்து வைப்பது இன்றும் நாம் காணும் வழக்கமாகும்.

3 காண்டங்களும் 30 காதைகளும் கொண்ட சிலப்பதிகாரம், ஓர் இறப்பின் செய்தி ஊர் ஊராகப் பரவுவதன் கதையாகவும் படிக்கத்தக்கது. மதுரையில் நிகழ்ந்த ஒரு கொலையின் செய்தி ஆயர் சேரிக்கும், அரண்மனைக்கும், புகாருக்கும், கங்கைக் கரையில் தங்கிய சேரன் பாசறைக்கும் செல்கிறது. இறுதியில் வஞ்சியில் எடுக்கப்பட்ட கோயிலையும் அது அடைகிறது. ஒவ்வோரிடத்திலும் அதனைச் சொல்பவர் வேறு. சொல்லும் முறையும் வேறு. இவ்வேறுபாடுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, காப்பியத்தின் அறநோக்கில் இதுவரை தனித்துப் பேசப்படாத ஒரு கூறு புலப்படுகிறது.

இலக்கண மரபில் இறப்பும் உரைத்தலும்

தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின்கண் இறப்பைச் சார்ந்த துறைகள் பலவற்றை வகுத்துள்ளது. சுற்றத்தார் கலங்கி அழும் பூசல் மயக்கம், கணவனுடன் மனைவியும் இறந்துபடும் மூதானந்தம், மனைவியை இழந்தவன் நிலையாகிய தபுதார நிலை, கணவனை இழந்தவள் நோன்பு பூணும் தாபத நிலை, எஞ்சியோர் புலம்பும் கையறுநிலை என இவை விரிகின்றன. இவை யாவும் இறப்பை அறிந்தபின் எழும் நிலைகளாகும். அறிவிக்கும் நிலைக்கெனத் தனித்துறை ஒன்று வகுக்கப்படவில்லை.

உரைத்தலைப் பற்றி இலக்கணம் பேசுமிடம் வழக்கு ஆகும். நன்னூல் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. இறந்தாரை இறந்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கல வழக்கிற்கு வழிவழியாகக் காட்டப்படும் சான்றாகும். காலமானார், தவறிவிட்டார், போய்விட்டார் என்னும் இன்றைய வழக்குகளும் இதன் தொடர்ச்சியே. இறப்பைச் சொல்ல மொழி தயங்குகிறது என்பதையும், அத்தயக்கத்தைக் கடக்க மொழியே ஒரு வழி செய்து தந்துள்ளது என்பதையும் இது காட்டும்.

எனினும், மங்கலம் ஒரு சொல்லுக்கு மாற்றாக மற்றொரு சொல்லைத் தருவது. சொல்லப்படும் செய்தியில் இறப்போடு வேறொன்றும் கலந்திருக்குமாயின் அது பயன்படுமா என்னும் வினா எழுகிறது. துன்ப மாலையில் எழுவது இவ்வினாவே.

சொல்லாது நின்றவள்

செய்தி வருவதற்கு முன்னரே அதன் நிழல் ஆயர் சேரியில் விழுந்துவிடுகிறது. பால் உறையாமை, எருதின் கண்ணில் நீர் சோர்தல், வெண்ணெய் உருகாமை, ஆனிரையின் மணி அற்று வீழ்தல் முதலிய தீக்குறிகளைக் கண்ட மாதரி குரவை ஆடச் செய்கிறாள். குரவை முடிந்தபின் மாதரி திருமாலை வழிபட வையைத் துறைக்குச் சென்றுவிடுகிறாள். கண்ணகியைத் தன்னிடம் அடைக்கலமாகப் பெற்ற முதியவள் இல்லாத அவ்வேளையில், ஊருக்குள் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு ஒருத்தி விரைந்து வருகிறாள். அவ்விடத்தில் காப்பியம் அவள் பெயரைச் சுட்டவில்லை.

விரைந்து வந்தவள் கண்ணகியின் முன் வந்ததும் பேசாது நின்றுவிடுகிறாள். அவளது பேசாமையை இளங்கோவடிகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டு காட்டுகிறார். வந்த விரைவும் நின்ற தயக்கமும் முரண்படுகின்றன. கால்கள் சொல்லத் துடித்தன, வாய் மறுத்தது. இதனைக் கண்ட கண்ணகியே முதலில் பேசத் தொடங்குகிறாள். கணவனைக் காணாமல் தன் நெஞ்சு கலங்குவதைக் கூறி, பிறர் சொன்னது யாது எனத் தோழியிடம் வினவுகிறாள். வினா ஒருமுறையோடு நிற்கவில்லை; வேறு வேறு சொற்களில் மும்முறை அடுக்கி வருகிறது. உனக்குத் தெரிந்தது என்ன என்று அவள் கேட்கவில்லை. ஊரார் சொன்னது என்ன என்றே கேட்கிறாள். சொல்பவளைச் சொல்லின் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பரிவு இவ்வினாவில் உள்ளது எனலாம். இது உன் சொல் அன்று, பிறர் சொல். அதனை மட்டும் எடுத்துச் சொல் என்பது அதன் உட்கிடை.

இதன்பின் வரும் விடை குறுகியது. அரண்மனைச் சிலம்பை ஓசையின்றிக் கவர்ந்த கள்வன் எனக் கருதி வீரர் கோவலனைக் கொல்லக் குறித்தனர் என்பதே அவள் சொல்வது. இங்கு இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன.

முதலாவது, கொல்லப்பட்டான் என்னும் முடிந்த நிகழ்ச்சி சொல்லளவில் கூறப்படவில்லை. கொலையைக் குறித்தனர் என்ற அளவிலேயே சொல் நின்றுவிடுகிறது. எனினும் கண்ணகி நிலத்தில் வீழ்ந்து அழுது அரற்றும்போது, கணவரை இழந்து நோன்பு நோற்றுத் துயருறும் மகளிரின் நிலையைத் தன் நிலையோடு வைத்துப் பேசுகிறாள். சொன்னவள் குறைத்துச் சொன்னாள். கேட்டவள் முழுவதையும் கேட்டுவிட்டாள். ‘உடம்பு சரியில்லை’ என்ற ஒற்றைத் தொடரிலேயே அனைத்தையும் உணர்ந்துகொள்ளும் உறவினரின் நிலை இதுவே.

இரண்டாவது, செய்தியின் முற்பகுதி இறப்பு அன்று, பழி. கள்வன் என்னும் சொல் கொலை என்னும் சொல்லுக்கு முன்னர் வருகிறது. கொலை என்பதைக் கொலைக் குறிப்பு எனத் தளர்த்திச் சொல்ல முடிந்த அப்பெண்ணால் கள்வன் என்பதைத் தளர்த்திச் சொல்ல இயலவில்லை. இறப்புக்கு மங்கலச் சொல் உண்டு. பழிக்கு மங்கலச் சொல் இல்லை. அவள் வாய் மறுத்தமைக்குக் காரணம் இறப்பு மட்டுமன்று என்பது இதனால் தெளிவாகும். கண்ணகியின் எதிர்வினையும் இதனை உறுதிப்படுத்துகிறது. கதிரவனை நோக்கி அவள் கேட்பது, என் கணவன் உயிரோடு உள்ளானா என்பதன்று. என் கணவன் கள்வனா என்பதே. செய்தியின் இரு பகுதிகளுள் எதனை அவளால் ஏற்க இயலவில்லை என்பதை இவ்வினா காட்டிவிடுகிறது.

சொல்லாத அரசு

இறந்தவனின் மனைவிக்குச் செய்தி சொல்லும் கடமை யாருக்கு உரியது? ஆயர் மகளுக்கு அன்று. அவள் ஊர் அலரைக் கேட்டு வந்தவள். கொலைத் தண்டனை அரசாணையால் நிகழ்ந்தது. ஆயின் பாண்டியன் அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் வழியில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்று, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று அதனைக் கொணர்க என ஏவுகிறான். கொல்லப்படுபவன் யார், எவ்வூரினன், அவனுக்கு உரியோர் யாவர் என எவ்வினாவும் எழவில்லை. வினவாத அரசுக்குச் சொல்லவும் ஆளில்லை. தேரா மன்னன் எனக் கண்ணகி பின்னர்ச் சாட்டும் குற்றத்தில் இதுவும் அடங்கும். ஆராயாமை தீர்ப்பில் மட்டும் நிகழவில்லை. தீர்ப்புக்குப் பின்னரும் தொடர்ந்தது.

இந்நோக்கில் வழக்குரை காதை மற்றொரு பொருளையும் பெறுகிறது. கணவனின் இறப்பை மனைவிக்கு அறிவிக்க வேண்டிய அரசனிடம், மனைவியே சென்று அவ்விறப்பை அறிவிக்கிறாள். கொலைக்களப்பட்டவனின் மனைவி என்றே அவள் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். கொன்றவனுக்கே கொலையின் உண்மையைச் சொல்ல நேர்ந்த நிலை இது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என அவன் கூறும் விடை, அவன் இன்னும் செய்தியைக் கேட்கவில்லை என்பதைக் காட்டுகிறது. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த பின்னரே செய்தி அவனை அடைகிறது. அடைந்த கணத்தில் அவன் உயிர் நீங்குகிறது. அவனைத் தொடர்ந்து அரசியின் உயிரும் நீங்குகிறது.

கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டத்துப் பள்ளிபடைப் படலம் இதற்கு நல்ல ஒப்புமையாகும். கேகய நாட்டில் இருக்கும் பரதனை அழைக்க வரும் தூதரிடம் அவன் தந்தையின் நலம் வினவுகிறான். தூதர் நலமெனவே சொல்கின்றனர். அயோத்தி வந்தபின் தந்தை எங்கே என்னும் அவனது வினாவிற்குக் கைகேயி, அவர் வானுலகு எய்தினார், வருந்தற்க என்னும் பொருள்படக் கலக்கமின்றி விடையிறுக்கிறாள். இறப்புக்குக் காரணமானவரே அங்குச் செய்தி சொல்பவர். மங்கலச் சொல் இருக்கிறது. ஆறுதல் மொழியும் இருக்கிறது. தயக்கம் மட்டும் இல்லை. அத்தயக்கமின்மையே கேட்பவனையும் படிப்பவரையும் நடுங்கச் செய்கிறது. ஆயர் மகளிடமோ மங்கலச் சொல் இல்லை, ஆறுதல் மொழி இல்லை. தயக்கம் மட்டுமே உள்ளது. சொல்லின் மென்மை சொல்பவரின் பரிவுக்குச் சான்றாகாது என்பதை இவ்விரு காட்சிகளும் எதிரெதிர் நின்று உணர்த்துகின்றன.

சொன்னவன் சுமந்த பழி

இக்கட்டுரையின் கருத்திற்கு வலிமையான சான்று நீர்ப்படைக் காதையில் கிடைக்கிறது. கங்கையின் தென்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் மாடலன் என்னும் அந்தணன் வந்து நிகழ்ந்தவற்றைக் கூறுகிறான். கோவலன் இறப்பைக் கேட்டுக் கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதையும், அடைக்கலப் பொருளை இழந்த மாதரி தீயில் புகுந்ததையும் சொல்கிறான். பின் தன் துயரைத் தன்னுள்ளே தாங்கிக்கொண்டு, செய்தியைத் தானே புகாருக்கு எடுத்துச் சென்று உரைத்ததாகக் கூறுகிறான். அதன் விளைவாகக் கோவலன் தந்தை மாசாத்துவான் பொருளை எல்லாம் தானம் செய்து துறவு பூண்டான். கோவலன் தாய் உயிர் நீத்தாள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர் நெறியைச் சார்ந்தான். கண்ணகியின் தாயும் உயிர் நீத்தாள். மாதவி துறவு பூண்டாள்.

இவ்வளவும் சொன்ன மாடலன், கங்கைக்குத் தான் வந்த காரணத்தையும் சொல்கிறான். தன் வாய்ச்சொல்லைக் கேட்டோர் இறந்துபட்டமையால் கங்கையில் நீராட வந்ததாக அவன் கூறுகிறான். கோவலனைக் கொன்றவன் மாடலன் அல்லன். அவன் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாது விட்டிருப்பினும் அச்செய்தி வேறு வழியில் புகாரை அடைந்திருக்கும். இருந்தும் அவ்விறப்புகளில் தன் வாய்க்குப் பங்குண்டு என அவன் உணர்கிறான்.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். மாடலனைச் செங்குட்டுவனிடம் சேர்ப்பதற்குரிய கதையுத்தியே இந்நீராடல் எனலாம். அன்றி அந்தணர்க்குரிய சடங்கு நோக்கே இது எனவும் கூறலாம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் அடைக்கலக் காதையில் இதே மாடலன் பொதியிலை வலங்கொண்டு குமரித்துறையில் நீராடித் திரும்பும் வழியிலேயே கோவலனைச் சந்திக்கிறான். இயல்பாகவே தீர்த்தமாடுபவனாகப் படைக்கப்பட்ட ஒருவனைக் கங்கைக்குக் கொணரத் தனிக்காரணம் வேண்டியதில்லை. வேண்டாத இடத்தில் ஒரு காரணத்தை ஆசிரியர் வைத்துள்ளார் எனின், அக்காரணம் அவருக்கு முக்கியமாக இருந்தது என்றே கொள்ளல் வேண்டும். ஆயர் மகள் சொல்வதற்கு முன் தயங்கினாள். மாடலன் சொன்னபின் வருந்தினான். இவ்விரண்டும் ஒரே உணர்வின் இரு முனைகள்.

புகாரின் முதியோர்க்கு இதற்கு முன்னரும் ஒரு செய்தி அனுப்பப்பட்டிருந்தது என்பதும் நினையத்தக்கது. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்த கோவலன், அதன் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாக இருப்பதைக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டி அவர்தம் துயரைத் தீர்க்குமாறு திருப்பி அனுப்புகிறான். பிழை பொறுக்க வேண்டும் அவ்வோலையை அடுத்து, மகனைப் பற்றி அவ்வில்லத்திற்குச் சென்றதாகக் காப்பியம் கூறும் செய்தி மாடலன் சொன்னதே.

கல்லுக்குச் சொல்லுதல்

இறப்புச் செய்திகளின் தொடர் வாழ்த்துக் காதையில் முடிகிறது. தேவந்தி, காவற்பெண்டு, அடித்தோழி ஆகிய மூவரும் மாதரியின் மகள் ஐயையுடன் வஞ்சியில் கண்ணகியின் கோயிலை அடைகின்றனர். அங்கே அவர்கள் கண்ணகிக்குச் செய்தி சொல்கின்றனர். உன் தாய் இறந்ததைக் கேட்டாயா, உன் மாமி இறந்ததைக் கேட்டாயா, மாமனும் தந்தையும் துறந்ததைக் கேட்டாயா, மாதவியும் மணிமேகலையும் துறந்ததைக் கேட்டாயா என்னும் வினா வடிவில் அவை அமைகின்றன.

துன்ப மாலையில் ஊரார் சொன்னது யாது எனக் கண்ணகி மும்முறை வினவினாள். சொல்ல வேண்டியவள் வாய் திறக்கத் தயங்கினாள். இங்கு வினவுவோர் செய்தி கொணர்ந்தவர்கள். விடை கூறாது நிற்பது கண்ணகியின் படிமம். உயிரோடிருந்த உறவினளிடம் சொல்லத் தயங்கிய சொற்கள், கல்லான பின்னர் தடையின்றிக் கொட்டப்படுகின்றன. கணவன் இறந்த செய்தியைக் கேட்ட நாள் முதல் விண்ணகம் சென்ற நாள்வரை, தன் தாயும் மாமியும் அச்செய்தியால் இறந்துபடுவர் என்பதைக் கண்ணகிக்குச் சொன்னவர் எவருமிலர். அந்தக் கடன் இங்கே தீர்க்கப்படுகிறது.

தேவந்தியின் அரற்றில் மற்றொரு குறிப்பும் உண்டு. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவை இவளிடமே சொன்னாள். வேற்றூரில் தம்மீது சாட்டப்பட்ட பொருந்தாப் பழியும், கோவலனுக்கு நேர்ந்த தீங்கும், மன்னன்முன் தான் வழக்குரைத்ததும் அக்கனாவில் இருந்தன. அவ்வகையில் இவ்விறப்பின் முதற்செய்தியைச் சொன்னவள் கண்ணகி, கேட்டவள் தேவந்தி. அன்று அதனைக் கேட்டும் உணராதிருந்தேனே எனத் தேவந்தி படிமத்தின் முன் வருந்துகிறாள். மாடலன் சொன்னதற்காக வருந்தினான். தேவந்தி கேட்டும் அறியாததற்காக வருந்துகிறாள். குற்றம் செய்யாத இருவரும் பொறுப்பேற்கின்றனர்.

இழவு சொல்லும் வழக்கமும் காப்பியமும்

இப்பொறுப்பு எவர்மீது சுமத்தப்பட்டது என்பது தமிழ்ச் சமூக வரலாற்றிலும் ஒரு வினாவாகும். ஊர்களில் இழவு சொல்லுதல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாயப் பணியாக நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. மழையென்றும் இரவென்றும் பாராது ஊர் ஊராக நடந்து, பிறர் வீட்டுச் சாவைச் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. அவ்விழிவை மறுத்து எழுந்த குரல்கள் சாதியெதிர்ப்பு வரலாற்றின் ஒரு பகுதியாகும். கடினமான சொல்லைத் தான் சொல்லாது, மறுக்க இயலாதவர் வாயில் அதனை ஏற்றிவைப்பது அதிகாரத்தின் இயல்புகளுள் ஒன்று.

காப்பியத்தில் செய்தி சொல்வோர் கட்டாயத்தால் சொல்பவர் அல்லர். ஆயர் மகளின் நிலையை இக்கொடுமையோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. ஆயினும் ஓர் ஒற்றுமையை மறுக்க இயலாது. கொலைக்கு ஆணையிட்ட வாய் கொலையின் செய்தியைச் சொல்லவில்லை. அதனைச் சொன்னது மோர் விற்கும் சேரியின் பெயர் குறிக்கப்படாத ஒருத்தியின் வாய். அவ்வாயின் தயக்கத்தைப் பதிவு செய்ததன் மூலம், சொல்பவரும் துயருறுபவரே என்பதை இளங்கோவடிகள் கணக்கில் கொண்டுள்ளார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. இறப்பைச் சார்ந்த இலக்கணத் துறைகள் அறிந்தபின் எழும் புலம்பலை வகுக்க, சிலப்பதிகாரம் அறிவிக்கும் செயலையும் அறத்தின் எல்லைக்குள் கொணர்கிறது. கண்ணகிக்குச் சொல்லப்பட்ட செய்தியில் சொல்ல அரிதாக இருந்தது இறப்பு மட்டுமன்று, அதனோடு பிணைந்த பழியுமாகும். மங்கல வழக்கு அவ்விடத்தில் பயன்படவில்லை. சொல்லக் கடமைப்பட்ட அரசு வாளாவிருந்தமை, ஆராயாது கொன்ற குற்றத்தின் தொடர்ச்சியாகும். மாடலனும் தேவந்தியும் தம்மால் நேராத இறப்புகளுக்குப் பொறுப்பேற்று வருந்துகின்றனர்.

பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர் துறந்தமை பெரிதும் போற்றப்படுவது, போற்றத்தக்கதும் ஆகும். அதனோடு, ஒரு குற்றமும் செய்யாது, ஓர் உண்மையைச் சொன்னதற்காக மட்டும் கங்கைவரை நடந்த மாடலனையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும். அரசனின் அறம் குற்றத்தை ஏற்றுக்கொள்வது. மாடலனின் அறம் குற்றமின்றியும் துயரில் பங்கு கொள்வது. இழவு சொல்ல நேரும் ஒவ்வொருவரும் அறிந்துள்ள சுமை இவ்விரண்டாவது அறத்தைச் சார்ந்தது.